இரண்டு இணைப்பு உள்ள வீடு

குருவுக்கு வயது இருபத்திரண்டு. சீடருக்கு அறுபத்து நான்கு. குரு என்றால் தாடி இருக்க வேண்டும், மரத்தடியில் உட்கார வேண்டும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இந்தக் குரு பாளையங்கோட்டையில் ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். பெயர் ஆவுடைச்செல்வி. எம்.எஸ்சி. கணினி அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள்.

சீடர் கீழ்வீட்டில் இருந்தார். வீட்டுக்காரர் தேவசகாயம், ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்.

அவருடைய மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகள் ஜெபசீலி கனடாவில். ஞாயிறு காலையில், ஆலய மணி அடிக்கும் முன்பு, அவள் கம்ப்யூட்டரில் கூப்பிடுவாள். கீழ்வீட்டில் இன்னொரு மனிதக் குரல் கேட்பது வாரத்தில் அந்த ஒரு வேளைதான்.

சில வாரங்களாகப் பேச்சு விட்டு விட்டு வந்தது. மகளின் முகம் வாய் திறந்தபடி உறைந்து நின்றது. கடைசியாக அவள் சொன்னாள்: "அடுத்த வாரமும் இப்படித்தான்னா விட்டுடுவோம்பா. இனி மாசத்துக்கு ஒரு தடவை போதும்."

மறுநாளே தேவசகாயம், ஏற்கெனவே இருந்த கேபிள் இணையத்தோடு இரண்டாவது வழியாக இருக்கட்டும் என்று, சிம் போட்ட ஒரு டாங்கிள் வாங்கி வந்து கம்ப்யூட்டரில் செருகினார். பிறகு மாடியேறிக் கதவைத் தட்டினார்.

"ஏ பிள்ள, கேபிள் ஒண்ணு, டாங்கிள் ஒண்ணு. ரெண்டும் இணைஞ்சிருக்குன்னுதான் காட்டுது. ஆனா எல்லாம் கேபிள் வழியாவே போகுது. டாங்கிள் சும்மா கிடக்கு."

"விண்டோஸ் அப்படித்தான் சார். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு எண் போட்டு வச்சிருக்கும். எது சின்ன எண்ணோ அதுக்குத்தான் முதல் மரியாதை."

"கலியாண வீட்ல மத்தவங்களுக்கு ரெண்டாம் பந்தியாவது உண்டே?"

"இங்க முதல் ஆளு செத்தாத்தான் அடுத்த ஆளுக்கு இலை."

செல்வி கீழே வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அவர் காலமெல்லாம் எடுத்த தும்பிப் படங்கள் ஒரு புரோகிராம் வழியாக இணையத்துக்கு ஏறிக்கொண்டிருந்தன. ஏறி முடிகிற பாடாக இல்லை. மகள் கூப்பிடும்போதெல்லாம் கேபிளை அடைத்துக்கொண்டு நின்றது அதுதான்.

"அப்போ என் மக பேச்சை டாங்கிளுக்கு மாத்திவிடு."

"முடியாது சார். பேசுற புரோகிராம்ல வழியைத் தேர்ந்தெடுக்க இடமே இல்ல. நாம சொன்னா அது கேக்காது."

"சொல்பேச்சு கேக்காததுகளை வச்சுத்தான் காலம்பூரா வகுப்பெடுத்தேன்."

"எத்தனை பேரு திருந்தினாங்க?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"சொன்னதைக் கேக்கிறதை வெளியே அனுப்புங்க சார். கேக்காததுக்கு இடம் தானா காலியாயிடும்."

தும்பிப் படங்களை ஏற்றும் புரோகிராமில் வழியைத் தேர்ந்தெடுக்க இடம் இருந்தது. அதை டாங்கிள் பக்கம் திருப்பினாள். கேபிளின் எண்ணை இன்னும் சின்னதாக்கினாள். திரையின் வலது ஓரத்தில் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தாள். எந்த வழியில் எவ்வளவு போகிறது என்று காட்டும் கோடுகள்: ஒன்றில் கேபிளின் கோடு, இன்னொன்றில் டாங்கிளின் கோடு. தும்பிகள் டாங்கிளில் ஏறின. கேபிள் கோடு படுத்துக் கிடந்தது.

தேவசகாயம் நுண்ணோக்கியில் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். பிறகு கைகூப்பினார். "குருவே!"

"கிண்டல் வேண்டாம் சார். வாடகைக்கு வந்த அன்னைக்கு, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு நெட்வொர்க்குன்னு கேட்டது நீங்கதான்."

"கேட்டேன்."

"இப்போ?"

"இப்போ கேக்கலியே."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. செல்வி மாடியில் தனியாக இருந்தாள். கீழே கம்ப்யூட்டர் மணி அடித்ததும் கேட்டது, சீக்கிரமே ஓய்ந்ததும் கேட்டது. பிறகு படியில் காலடிச் சத்தம்.

"உன் வித்தை பலிக்கலம்மா. வச்சுட்டா. இனி மாசத்துக்கு ஒரு தடவைதானாம்."

"பேச்சு விட்டுவிட்டு வந்துச்சா?"

"ஒரு இடத்துல கூட விடல."

"பின்னே? அக்கா என்ன பேசினாங்க?"

"ஆரம்பத்துல அருமையா இருந்துச்சு. நடுவுல கேபிள் கோடு லேசா இறங்குச்சு. உடனே ஏறிட்டு."

"நான் கோட்டைக் கேக்கல சார்."

அவர் நெற்றியைத் தடவினார். "ஏதோ ஆஸ்பத்திரின்னா. யாருக்குன்னு... 'அப்பா, கேக்குதா, கேக்குதா'ன்னு திரும்பத் திரும்பக் கேட்டா. நல்லாக் கேக்குதுன்னுதான் சொன்னேன். பொய் சொல்லல பிள்ள, கண்ணாடி மாதிரி கேட்டுச்சு. அப்புறமும் வச்சுட்டா. இணைப்புல இன்னும் என்னமோ கோளாறு இருக்கு. கண்டுபிடி."

செல்வி போனைக் கையில் எடுத்தாள்.

"கீழே போய் உக்காருங்க சார். நான் இங்கேயிருந்து போன்ல கூப்பிடறேன். சோதிச்சுப் பாத்துடுவோம்."

அவர் இறங்கிப் போனார். செல்வி கூப்பிட்டாள். போன் திரையில் அவர் முகம் வந்தது. முழு முகம் இல்லை. பக்கவாட்டில் ஒரு கன்னமும் மூக்குக்கண்ணாடியின் ஒரு கம்பியும்.

"கேக்குதா சார்?"

"கேக்குது, கேக்குது. பேசு. நிறுத்தாம பேசு. நான் ரெண்டு கோட்டையும் பாத்துக்கிடுதேன்."

அவள் அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு பேசினாள்.

"என்கூட ரூம்ல தங்கியிருக்கிற பிள்ளை வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போயிட்டா சார். நேத்து முழுக்க நான் ஒரு வார்த்தை பேசல. பால்காரர் கூட பாக்கெட்டைக் கதவுல மாட்டிட்டுப் போயிட்டாரு."

"ம். நல்லா வருது."

"எங்கப்பாவுக்கு ஒரு பக்கம் கை விழுந்துட்டு. இனி லாரி ஓட்ட முடியாதாம். படிச்சது போதும், வீட்டுக்கு வான்னு அம்மா அழுறாங்க. இதை யாருகிட்டச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல சார்."

"அருமை, அருமை. கோடு அசையவே இல்ல. இன்னும் கொஞ்சம் பேசு."

அந்தக் கன்னம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

செல்வி போனை வைத்துவிட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கினாள்.

தேவசகாயம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "பாத்தியா! தும்பி அது பாட்டுக்கு டாங்கிள்ல போகுது. நீ இது பாட்டுக்கு கேபிள்ல வாறே. ஒண்ணை ஒண்ணு இடிக்கல. அப்போ கோளாறு கனடாவுலதானே?"

"கனடாவுல ஒண்ணும் இல்ல சார். இங்கேயும் இணைப்பு ரெண்டும் சரியாத்தான் இருக்கு. நான் பேசினது மொத்தமும் உங்க வீடு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அவள் கண்ணோரம் சிவந்திருந்தது. அவர் சிரிப்பு மெல்ல இறங்கியது. தும்பிகள் ஏறுகிற கோடு மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் பக்கம் குனிந்து கேட்டார்.

"நீ... என்னம்மா சொன்னே?"

செல்வி அவர் நாற்காலியைத் திரையின் நடுவுக்கு நேராக நகர்த்தினாள். வலது ஓரத்தில் இருந்த இரண்டு பெட்டிகளையும் மூடினாள்.

"நான் மாடியிலதான் இருக்கேன் சார். என்கிட்ட அப்புறம் கேக்கலாம். அங்கே ராத்திரி ஆயிட்டு. அக்கா தூங்கறதுக்குள்ள இதே கேள்வியை அவங்ககிட்ட கேளுங்க."