இடம் தவறிய கொம்பு

மார்த்தாண்டத்தில் ஒரு வீட்டில், ஜன்னலோர மேசை மேல் ஒரு டேப்லட்டும் ஒரு செல்போனும் ஒற்றுமையாக வாழ்ந்துவந்தன. மேசைக்காரி ஜெபமலர். மலையாளத்தில் வரும் துப்பறியும் நாவல்களைத் தமிழில் மொழிபெயர்ப்பது அவள் தொழில். அவள் கையில் சிக்கிய எந்தக் கொலையாளியும் கடைசி அத்தியாயத்தைத் தாண்டித் தப்பியதில்லை.

இப்படி இருக்கும்போது அவளுடைய கண்ணுக்குள் வீக்கம் வந்தது. மருந்தில் வீக்கம் வடிந்தது, கூச்சம் போகவில்லை.

"வெளிச்சம் அடிக்கிற திரை இனி உங்களுக்கு ஆகாதும்மா. அவசரத்துக்கு ஒண்ணு ரெண்டு பாத்துக்கலாம். நாள் முழுக்க பாத்துக்கிட்டே இருந்தீங்கன்னா உங்க பார்வைக்கு நான் பொறுப்பில்ல" என்றார் கண் டாக்டர்.

ஜெபமலர் வீட்டுக்கு வந்து டேப்லட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். டேப்லட்டுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. வெளிச்சம்தான் தன்னுடைய சிறப்பு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஜெபமலரின் வீட்டுக்காரருக்கு லீமா ரோஸ் என்று ஒரு தங்கை. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துபவள். அவள்தான் ஒரு மின்தாள் பலகையை வரவழைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"மைனி, இதுக்குச் சொந்தமா வெளிச்சம் கிடையாது. ஜன்னல் வெளிச்சத்தில பேப்பர் மாதிரி வாசிக்கலாம். பேனா வச்சு மேல எழுதலாம். கீபோர்டு மாட்டினா டைப்பும் அடிக்கலாம். உள்ள ஓடுறது லினக்ஸ் கேட்டீங்களா. யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம்."

"தொறந்து பாத்து நான் என்ன செய்ய?"

"பாக்காண்டாம். பாக்கலாம்னு சொன்னேன்."

லீமா கிளம்பியதும் செல்போன் விசாரணையை ஆரம்பித்தது.

"உன் கம்பெனி எது?"

"உடம்பை ஒரு சின்னப் பட்டறையில் செய்தார்கள். புத்தியைப் பல ஊர்களில் பல பேர் சேர்ந்து எழுதினார்கள். அவர்களில் பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை" என்றது மின்தாள்.

"அப்படியானால் தாய் தகப்பன் கிடையாதா?"

"நிறைய உண்டு."

செல்போன் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டது. "என்னென்ன நிறம் தெரியும்?"

"கறுப்பு, வெள்ளை. நடுவில் கொஞ்சம் சாம்பல்."

"வேகம் எப்படி?"

மின்தாளின் முகம் ஒரு தடவை கறுத்து வெளுத்தது. "சுமார்" என்று பதில் வந்தது. அதற்குள் செல்போன் வேறு வேலையில் இறங்கிவிட்டிருந்தது.

மறுநாள் காலை ஜெபமலர் ஜன்னலருகே உட்கார்ந்து, ஸ்கேன் செய்த மலையாள நாவலை மின்தாளில் திறந்தாள். கொல்லம் படகுத்துறையில் நடக்கும் கதை. ஒரு அத்தியாயம் முடித்தாள். இன்னொன்றும் முடித்தாள். கண் கூசவில்லை, தண்ணீர் வரவில்லை. சந்தேகப்பட்ட ஆட்களின் பெயருக்குக் கீழே பேனாவால் கோடு போட்டாள். மின்தாள் ஒவ்வொரு கோட்டையும் பத்திரமாக வாங்கிக்கொண்டது. தன்னை ஒருவர் இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தும் நோகாமல் இருக்கிறார் என்பதே அதற்குப் போதுமான சந்தோஷமாக இருந்தது.

பிறகு அவள் கீபோர்டை மாட்டி முதல் வாக்கியத்தை அடித்தாள். 'கொல்லத்தில் ஒரு கொலை நடந்தது.'

எழுத்துகள் வந்தன. ஆனால் 'க'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு, பந்தியில் இலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவர்போல, 'க'வுக்குப் பின்னால் நின்றது. பக்கத்தில் கால் தனியே நின்றது. 'கொல்லம்' எந்த ஊர் என்றே தெரியவில்லை. 'கொலை' யாருக்கும் புரியாத ஒன்றாக நடந்திருந்தது.

ஜெபமலர் அழித்து மறுபடி அடித்தாள். கொம்பு மறுபடியும் பின்னால் போய் நின்றது.

துப்பறியும் நாவலில் கொம்பு இல்லாமல் ஒரு பக்கம் நகராது. கொலைக்குக் கொம்பு வேண்டும். போலீசுக்கு வேண்டும். பொய்க்கும் சந்தேகத்துக்கும் வேண்டும். திருட்டுக்கு மட்டும் வேண்டாம். ஆனால் அந்த நாவலில் திருட்டு இல்லை.

"தமிழே தெரியாதவனா வந்து சேர்ந்திருக்க" என்று ஜெபமலர் மின்தாளைப் பார்த்துச் சொன்னாள். திட்டினாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அலுத்துப்போய்ச் சொன்னாள். மின்தாளுக்கு அது திட்டைவிட மோசமாக இருந்தது. தான் சரியாகத்தான் எழுதுகிறோம் என்று அந்த நொடி வரை அது நம்பியிருந்தது.

அன்று மத்தியானம் செல்போன் அலறியது. சென்னையிலிருந்து பதிப்பாளர் இளம்பரிதி.

"மேடம், புத்தகக் கண்காட்சிக்கு இது வந்தே ஆகணும். நீங்க கையால எழுதி அனுப்பினா இங்க உக்காந்து அடிக்க ஆள் இல்ல. உடம்பு முடியலைன்னா சொல்லுங்க, வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துடறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

"அந்தப் பயல நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன். நானே பிடிப்பேன்" என்றாள் ஜெபமலர்.

"எந்தப் பயல மேடம்?"

"கொலையாளிய."

போனை வைத்த பிறகு அவள் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு நாவல் கைமாறினால் அடுத்ததும் கைமாறும். கண் தெரியாத மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அது கண்ணைவிட வேகமாகப் பரவும். அவள் லீமாவைக் கூப்பிட்டாள்.

லீமா வந்து, ஒரு கேபிளைச் சொருகி, மின்தாளுக்குள்ளே போக ஆயத்தமானாள். மேசையின் ஓரத்தில் குப்புறக் கிடந்த டேப்லட், அடிக்குரலில் பேசியது.

"காட்டாதே. 'ஏதோ தவறு நேர்ந்தது, பிறகு முயலவும்' என்று போட்டுவிட்டு மூடிக்கொள். நான் அப்படித்தான் செய்வேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை."

"எனக்கு மூடி வைக்கவில்லையே" என்றது மின்தாள்.

அது உண்மை. லீமா கேட்டதையெல்லாம் மின்தாள் காட்டியது. கேட்காததும் கூடவே வந்தது. எந்தெந்த இடத்தில் தடுமாறியது, எதை இரண்டு தடவை செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்று தன் கையாலேயே எழுதி வைத்திருந்த குறிப்புகள் வரிவரியாக ஓடின. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றி நிற்பதுபோல் மின்தாள் நின்றது. செல்போன் பார்க்காததுபோல் பார்த்தது.

லீமா ஒரு இடத்தில் நிறுத்தினாள். "மைனி, இங்க ஒருத்தரு எழுதி வச்சிருக்காரு, கேளுங்க. 'பக்கம் சீக்கிரம் தெரிவதற்காக எழுத்துகளை வந்த வரிசையிலேயே நிறுத்துகிறேன். எல்லா மொழிகளுக்கும் இது ஒத்துவருமா என்று எனக்குத் தெரியவில்லை. யாராவது பார்த்துச் சொல்லவும்.' பேரு யோஹன்னெஸ். ஏதோ குளிர் நாட்டு ஆளாக்கும். நாம 'க' அடிச்ச பொறவுதான கொம்பு அடிக்கோம், அதான் அது பின்னால போய் நிக்கு."

ஜெபமலர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "தெரியலைன்னா எழுதியிருக்காரு?"

"தெரியலைன்னுதான்."

"எத்தனை நாளா இது இப்பிடிக் கெடக்கு?"

"ரொம்ப நாளா. ஒருத்தரும் சொல்லல போல."

"அப்ப நாம சொல்லிருவோம்" என்றாள் ஜெபமலர்.

லீமா யோஹன்னெஸுக்கு விவரத்தை எழுதிப் போட்டாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று தானும் ஒரு வரியை மாற்றிப் பார்த்தாள். மின்தாளை அணைத்துத் திறந்தாள். அது திறக்கவில்லை. முகம் வெள்ளையாக, ஒரு எழுத்துகூட இல்லாமல் கிடந்தது.

"கொன்னுட்டியா?" என்று கேட்டாள் ஜெபமலர்.

"இல்ல மைனி. மயக்கமாக்கும்" என்றாள் லீமா. ஆனால் அவள் குரலில் தெம்பு இல்லை. வீட்டுக்குப் போய் வழி தேடிவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள்.

மின்தாளுக்கு முகம்தான் போயிருந்தது. காது கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. டேப்லட் நிமிர்த்தப்படும் சத்தம் கேட்டது. ஜெபமலர் வேறு வழி இல்லாமல் டேப்லட்டில் அடிக்க உட்கார்ந்திருந்தாள்.

டேப்லட்டுக்கு முதலில் வெற்றியாகத்தான் இருந்தது. கொம்புகளை எல்லாம் அதனதன் இடத்தில் மிடுக்காக நிறுத்தியது. கொலை ஒழுங்காக நடந்தது. போலீஸ் வந்தது. ஆனால் ஒரு அத்தியாயம் முடிவதற்குள் ஜெபமலரின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. டேப்லட் தன் வெளிச்சத்தைக் குறைத்தது. இன்னும் குறைத்தது. எவ்வளவு குறைத்தாலும் அது வெளிச்சமாகவே இருந்தது. இரண்டாவது அத்தியாயத்தின் நடுவில் அவள் எழுந்துபோய், கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டாள். திறந்த டேப்லட் மேசை மேல் தனியே எரிந்துகொண்டிருந்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டது செல்போன்.

டேப்லட் தன் திரையைத் தானே அணைத்துக்கொண்டது.

மறுநாள் லீமா வந்தாள். மின்தாளின் புத்தி முழுவதும், பிறந்தபோது இருந்தபடியே, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் கிடந்தது. அதை எடுத்து மறுபடியும் உள்ளே ஏற்றினாள். வெள்ளை முகம் ஒரு தடவை கறுத்தது. பிறகு மெதுவாக, வழக்கம்போல மெதுவாக, எழுத்து வந்தது. ஜெபமலர் போட்ட அடிக்கோடுகள்கூட அப்படியே இருந்தன.

"உசிரு வந்துட்டு" என்றாள் லீமா.

"நீ இனி அதத் தொடாத" என்றாள் ஜெபமலர்.

அப்போது செல்போன் ஒரு கடிதத்தோடு வந்தது. யோஹன்னெஸின் பதில். 'உங்கள் எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்தக் குறி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று வரைந்து காட்ட முடியுமா?'

"இதுக்கு நான் போதும்" என்று ஜெபமலர் பேனாவை எடுத்தாள். மின்தாளின் மேலேயே கெ எழுதினாள், கே எழுதினாள், கை எழுதினாள். கொ, கோ எழுதினாள். கொம்பு நிற்கும் இடத்துக்கு ஒரு அம்பு, கால் நிற்கும் இடத்துக்கு ஒரு அம்பு. ஒன்றாம் வகுப்புக்குப் பிறகு அந்த எழுத்துகளை அவள் அவ்வளவு நிதானமாக எழுதியதில்லை. மின்தாளும் தான் பிழையாக எழுதிவந்த எழுத்தின் சரியான உருவத்தை அப்போதுதான் முதல் தடவையாகத் தன் மேல் உணர்ந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தது. இவ்வளவும் தெரியாமலா இருந்தோம் என்றும் நினைத்தது.

படத்தை அனுப்பினார்கள். சில நாளில் யோஹன்னெஸ் திருத்தத்தோடு எழுதினார். 'இவ்வளவு காலம் தவறாக நிறுத்தியதற்கு மன்னிக்கவும். ஒரே ஓசை, எழுத்தின் இரண்டு பக்கமும் கைபோட்டுக்கொண்டு நிற்கிறதே! மிக அழகு.'

லீமா வாசித்துக் காட்டியதும் ஜெபமலர் யோசித்தாள். "நாங்க அதக் கவனிச்சதில்லன்னு எழுது" என்றாள்.

இந்தத் தடவை மின்தாள் மயங்கவில்லை. ஜெபமலர் கீபோர்டை மாட்டி மெதுவாக அடித்தாள். 'கொல்லத்தில் ஒரு கொலை நடந்தது.' கொம்பு முன்னால் நின்றது. கால் பின்னால் நின்றது. நடுவில் 'க' பத்திரமாக இருந்தது.

"அப்பாடா, கொலை நடந்துட்டு" என்றாள் ஜெபமலர். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. லீமா பதறிப்போய் ஜன்னல் திரையை இழுக்கப் போனாள்.

"இது அந்தத் தண்ணி இல்ல பிள்ளே. சும்மா இரு."

அந்தக் கொலையாளி கண்காட்சிக்கு முன்னால் பிடிபட்டான். இளம்பரிதி அடுத்த நாவலையும் அவளுக்கே அனுப்பினார். யோஹன்னெஸின் திருத்தம் எல்லா மின்தாள்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மட்டக்களப்பில் ஒரு நர்சம்மாவின் மின்தாளிலும், மலேசியாவில் கிள்ளானில் ஒரு லாரி முதலாளியின் மின்தாளிலும் கொம்பு ஒருநாள் காலையில் இடம் மாறி நின்றது. அவர்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனார்கள்.

"உனக்கு ஒரு நன்றிகூட வரவில்லையே" என்று செல்போன் விசாரித்தது.

"சரியாக இருந்தால் யார் கவனிக்கிறார்கள்?" என்றது மின்தாள். அதற்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். செல்போனும் கூடப் போயிருந்தது. மேசையில் மின்தாளும் டேப்லட்டும் மட்டும் இருந்தன. டேப்லட்தான் முதலில் பேசியது.

"உன்னைத் திறந்தபோது வலித்ததா?"

மின்தாள் யோசித்தது. "வலிக்கவில்லை. கூச்சமாக இருந்தது."

"சிரித்தார்களா?"

"இல்லை. எந்த இடம் என்று கேட்டார்கள்."

தெருவில் ஒரு ஆட்டோ வந்து திரும்பிப் போனது.

"எனக்குள்ளும் ஒரு கோளாறு இருக்கிறது. அவள் கண்ணில் துணியைப் போட்டுக்கொண்டு படுத்தாளே, அன்றிலிருந்து யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன்" என்றது டேப்லட்.

"சொல்லு. லீமா சாப்பிட வருவாள். பார்க்கச் சொல்லலாம்."

"என்னுடைய..." என்று டேப்லட் ஆரம்பித்தது.

அதற்குள், அதைக் கேட்காமலே, அதன் திரை தானாகப் பளிச்சென்று எரிந்தது. நடுவில் ஒரு பச்சை வட்டம் சுழன்று நின்றது. வட்டத்துக்குக் கீழே, அழகான எழுத்தில், ஒரு வரி வந்தது.

'எல்லாம் நன்றாக வேலை செய்கிறது.'