வால் ஆறிய யானை

கேட்க வந்தவர்களே, அன்று உலைக்கூடத்தில் நின்றவர்களை முதலில் எண்ணிக்கொள்வோம். கண்ணாடி ஊதும் செம்பாயி. துருத்தி மிதிக்கும் அவள் நாத்தனார் பூவாத்தாள். அரசன் மாறவேள். அவனுடைய சேனாபதி, அமைச்சர். அண்டை நாட்டுத் தூதர். வீரர்கள் எட்டுப் பேர். ஆகப் பதினான்கு பேர்.

மலையெல்லாம் சிறிதாக இருந்த காலம் அது. தூதர் மாலையில் ஊர் திரும்ப வேண்டும். அவர் கையில் ஒரு கண்ணாடி யானையைக் கொடுத்தனுப்ப அரசனுக்கு ஆசை.

செம்பாயி இரும்புக்குழலின் நுனியில் உருகிய கண்ணாடியைச் சுற்றி எடுத்தாள். ஊதினாள், உருட்டினாள், மறுபடி ஊதினாள். வயிறு திரண்டது. இடுக்கியால் இழுத்தாள். தும்பிக்கை வந்தது, காது வந்தது, கடைசியில் வாலும் வந்தது. யானையைச் சுடுசாம்பல் பானைக்குள் புதைத்தாள். விடியும்வரை யாரும் தொடக்கூடாது, மெல்ல ஆறினால்தான் உடையாமல் நிற்கும் என்றாள்.

சேனாபதிக்குப் பொறுக்கவில்லை. சாம்பலை விலக்கி வாலைத் தொட்டார். ஆறியிருந்தது. யானையைத் தூக்கினார். ‘டிக்’ என்றது, இரண்டாகப் பிளந்தது.

இரண்டாவது யானை செய்தாள். அமைச்சர் தும்பிக்கையைத் தொட்டார். ஆறியிருந்தது. தூக்கினார். ‘டிக்’ என்றது, பொடியாக உதிர்ந்தது.

“வால் மெலிசு, சீக்கிரம் ஆறும். வயிறு தடிப்பு, இன்னும் கொதிக்கும். வாலை விசாரித்துவிட்டு வயிற்றுக்குத் தீர்ப்புச் சொல்கிறார்களே, அண்ணி,” என்று பூவாத்தாள் முணுமுணுத்தாள். தூதர் சிரிப்பை மீசைக்குள் ஒளித்தார்.

மூன்றாவது யானை சாம்பலுக்குள் போனது. பொழுது சாய்ந்தது. இம்முறை அரசனே எழுந்தான். செம்பாயி இரும்புக்குழலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு பானைக்கு முன் நின்றாள்.

விலகாவிட்டால் உலையை இடிப்பேன் என்றான் அரசன். அந்த உலைதான் இரண்டு பெண்களுக்கும் சோறு. பூவாத்தாள் அண்ணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். செம்பாயி நகரவில்லை.

“உலை உங்கள் மண்ணில் நிற்கிறது அரசே, இடியுங்கள். யானை என் மூச்சில் நிற்கிறது. தர மாட்டேன்.”

எட்டு வீரர்களும் உலையை இடித்தார்கள். அடுத்துப் பானைப் பக்கம் திரும்பினார்கள். அப்போது தூதர் வண்டி மாடுகளை அவிழ்த்துவிட்டார். உடைந்த யானையோடு போனால் ஊர் சிரிக்கும், முழு யானைக்காக ஓர் இரவு தங்கலாம் என்றார். விருந்தாளியே அப்படிச் சொன்னபின் அரசனால் என்ன செய்ய முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

விடிந்தது. செம்பாயி யானையை எடுத்து, அதன் வயிற்றைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஆறியிருந்தது. முழு யானை வெயிலில் மின்னியது. அரசன் கை நீட்டினான். அவள் யானையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“இடித்த உலையைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.”

தூதர் பார்த்துக்கொண்டிருந்தார். அரசன் சரியென்று தலையை அசைத்தான்.

வீரர்கள் அவசரமாகக் கட்டினார்கள். ஏழு செங்கல் மிஞ்சியது. பிரித்துக் கட்டச் சொன்னாள். மூன்று மிஞ்சியது. பிரித்துக் கட்டச் சொன்னாள். மூன்றாம் முறை ஒருவரும் அவசரப்படவில்லை. அரசனே செங்கல் எடுத்துக் கொடுத்தான். யானையும் தூதரோடு போனது.

ஆறாத ஒன்றை அதட்டி ஆற வைக்க எந்த அரசனாலும் ஆகாது, அதைக் காப்பவர் அதட்டலுக்கு நகரவும் கூடாது.

மிஞ்சிய செங்கல், ஒன்றுகூட இல்லை.