உச்சியில் அறைந்த சூரியன்

வெகு காலத்துக்கு முன்னால், மேகங்கள் இறங்கிவந்து மனிதரோடு பேசிக்கொண்டிருந்த நாளில், செங்கரை என்றொரு நாடு இருந்தது. அதன் அரசனுக்கு எதுவும் போதாது. மூன்று மடங்கு விளைச்சல் வேண்டுமென்று சுடர்வாயன் என்ற மந்திரவாதியை அழைத்தான். அவன் ஒரு வெண்கல ஆணியை வானத்தில் எறிந்தான். சூரியன் உச்சியிலேயே அறையப்பட்டு நின்றது.

முதலில் பயிர்கள் ஆசையாகக் குடித்தன. பிறகு திணறின. பிறகு வெளுத்துக் கருகின.

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் மூக்காண்டி அரண்மனைக்குப் போய், "ஆணியைப் பிடுங்குங்க சாமி" என்று கேட்டான். சுடர்வாயன் அவனை ஓர் அகத்திக் கன்றாக்கி முற்றத்து வெயிலில் நட்டான்.

"கருகினால் செத்தாய். நான் தருவதை எவனாவது வேண்டாமென்றால் என் மந்திரம் முறியும். ஆனால் வெளிச்சத்தை எவன் வேண்டாமென்பான்?"

மனைவி சிலம்பாயி ஓடிவந்தாள். கன்றின் நுனி வெளுத்திருந்தது.

"உடம்பெல்லாம் எரியுதுடி, சிலம்பு."

"கொட்டுறதையெல்லாம் ஏன்யா குடிக்கிற?"

"வருதே! குடிக்காம எப்படி இருக்கறது?"

சிலம்பாயி நிற்கவில்லை. ஓடினாள், ஓடினாள், மாமரத்திடம் ஓடினாள். "இளந்தளிரே, நீ எப்படிப் பிழைச்ச?"

"சிவப்புப் போர்வை போர்த்தியிருக்கேன். அதை நெய்ய நாளாகும். உன் புருஷனுக்கு ஏது நேரம்?"

ஓடினாள், ஓடினாள், குளத்துக்கு ஓடினாள். "பாசியே, நீ எப்படிப் பிழைச்ச?"

"வேண்டிய அளவு எடுத்துக்குவேன். மிச்சத்தை உள்ளே வெச்சா நானே வெந்துடுவேன். சூடாக்கி வெளியே விட்டுடுவேன்."

ஓடினாள், ஓடினாள், வேலியோரம் ஓடினாள். "தொட்டாச்சிணுங்கியே, நீ?"

"மடிஞ்சுக்குவேன். வேறென்ன?"

அவள் திரும்பியபோது பாதிக் கன்று வெளுத்துவிட்டது.

"யோவ், வேண்டியதை எடு, மிச்சத்தைச் சூடா விட்டுடு. இலையை மடக்கு!"

"கொடுக்கறவங்ககிட்ட வேண்டாம்னு சொன்னா மரியாதையாடி?"

"உன் தங்கச்சி கல்யாணத்துல அப்படித்தான் மூணு தரம் பாயசம் குடிச்சிட்டு, விடியவிடிய உருண்ட! பந்தியில வயிறு நிறைஞ்சா மத்தவங்க என்ன செய்யறாங்க?"

கன்று யோசித்தது. இன்னும் இரண்டு இலை உதிர்ந்தன.

"இலையை மூடுவாங்க."

"மூடேன்யா! யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. மூடு!"

அகத்தியின் சின்னச் சின்ன இலைகள் ஜோடி ஜோடியாக மேல்நோக்கி மடிந்தன. வெயில் அவற்றின் விளிம்பில் பட்டு வழுக்கி விழுந்தது. குடித்ததில் மிஞ்சியது அனலாக வெளியேறி, சிலம்பாயியின் முகத்தில் மூச்சுப்போல் பட்டது.

சுடர்வாயன் பதறி ஓடிவந்தான். "இன்னும் கொஞ்சம்?"

"போதும் சாமி."

"ஒரே ஒரு வாய்?"

"போதும்."

"எனக்காக?"

கன்றின் ஓர் இலை திறக்கப் பார்த்தது; உடனே மூடிக்கொண்டது.

"நிறைஞ்சிருச்சு சாமி. போதும்."

ணங்! வானத்து ஆணி தெறித்தது. அதைத் துரத்திக்கொண்டு போன சுடர்வாயன் திரும்பவேயில்லை. சூரியன் தள்ளாடி மேற்கே நகர்ந்தது. வெட்கப்பட்ட அரசன் அந்தக் கொடிக்காலையே இருவருக்கும் எழுதிக்கொடுத்தான்.

மூக்காண்டி மனிதனாகிவிட்டான். ஆனால் உள்ளங்கைகள் மட்டும் ஒன்றோடொன்று இறுக ஒட்டி நின்றன, பயம் விடாமல். சிலம்பாயி பக்கத்தில் உட்கார்ந்து, மாலை வெயிலில், ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

"திறய்யா. இது சுடாத வெயில்தான்."