ஈசான்யத்துக்குத் திருப்பு

ஆய்வக உதவியாள் பேச்சிமுத்து ஒரு வாரம் மல்லாடி, மாதிரி ராக்கெட்டுக்கு ஏவுதளம் பூட்டினார். ராக்கெட் ஏறும் கம்பியைத் தெற்கே, காலி மைதானம் பக்கமாகச் சாய்த்துத் திருகை முடுக்கினார். பள்ளித் தாளாளர் வந்தார்.

"என்னய்யா, கம்பி எமன் திசையைப் பார்க்குது? வாஸ்துப்படி ஈசான்யத்துக்குத் திருப்பு. இல்லேன்னா வீட்டுக்குப் போ."

ஈசான்யத்தில், வடகிழக்கு மூலையில், ராக்கெட் பார்க்க முந்நூறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இந்த வேலையை விட்டால் பேச்சிமுத்துவுக்கு வேறு கதியும் இல்லை.

"திருப்பிடுதேன் ஐயா. அவ்வளவு விசேஷமான மூலைன்னா, பிள்ளைகளை எழுப்பிட்டு உங்க நாற்காலியை அங்க போடட்டுமா?"

தாளாளர் ராக்கெட்டின் கூர்மூக்கைப் பார்த்தார். "வேண்டாம்யா, இருக்கிறபடியே இருக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பைத் தாளாளர் மன்னிக்கவில்லை. ராக்கெட் காலி மண்ணில் விழுந்தபோது பேச்சிமுத்து வேலையிழந்து கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே பிள்ளைகள் கைதட்டுவது மட்டும் கேட்டது.