கோமிங் கோமிங் கோ

அந்தக் காலத்தில், பறவைகள் மனுஷர் பாஷை பேசித் திரிந்தபோது, அமெரிக்காவின் தெற்கே ஒரு பருத்திக் காட்டில் ஹேகர் என்று ஓர் அடிமைப் பெண் இருந்தாள். அவள் புருஷன் மிங்கோவைத் துரை ஆற்றின் போக்கிலே எங்கோ தொலைவில் விற்றுவிட்டான். அது போதாதென்று, "அவன் பேரை எவள் சொன்னாலும் சவுக்கடி" என்று கட்டளை வேறு. அழுகை வேலையைக் கெடுக்குமாம். பாவி, பேரையுமா விற்பான்!

சுற்றிலும் அத்தனை பேர் பருத்தி எடுத்தார்கள். ஆனாலும் ஹேகர் தனியாள்தான். சொல்லாமலே இருந்தால் அந்தப் பேர் தனக்கே மறந்துபோகுமோ என்று பயந்தாள்.

ஒருநாள் சாம்பல் குருவி ஒன்று வேலியில் வந்து உட்கார்ந்தது. "ஏன்க்கா அழுவுற? சேதி இருந்தா சொல்லு, கொண்டு போறேன்" என்றது. நல்ல மனசுதான், ஆனால் ஓட்டைவாய். காதில் விழுந்ததை அப்படியே கண்டவரிடமெல்லாம் கொட்டிவிடும். பேரைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள், சவுக்கோடு வேலை வாங்கும் கங்காணி காதுக்குப் போய்விடும். அதனால் ஹேகர் பேரைத் தலைகீழாக்கி ஒரு பாட்டுக் கட்டினாள்.

"ஆற்றை எதிர்த்து நீந்து வாத்தே,
கோமிங் கோமிங் கோ!"

ஆற்றை எதிர்த்து வந்தால் அவள் இருக்கும் காடு வந்துவிடும்.

"யாருக்கா அந்த வாத்து?"

"கேக்க வேண்டியவன் கேட்டா புரிஞ்சுக்குவான். நீ பாடு, போதும்."

குருவி பாடிக்கொண்டே கிளம்பியது. அந்தப் பாட்டு கங்காணி காதிலும் விழுந்தது. "வாத்துக்கு ஒரு பாட்டா!" என்று சிரித்துவிட்டுப் போனான்.

பருத்தி எடுத்து முடிகிற சமயம் குருவி திரும்பி வந்தது. "அக்கா, ஒரு காடு விடாம பாடிட்டேன். பிள்ளைங்கல்லாம் அதைப் பாடிக் குதிக்குதுங்க!"

"என் மனுஷன்?"

"எந்தக் காட்டுல பாடினாலும் யாரோ ஒருத்தர் வேலையை விட்டு நிமிர்ந்து பார்த்தாங்க. எல்லாம் யாரையோ பிரிஞ்ச முகம். அதுல உன் ஆளு எதுன்னு நான் என்னத்தக் கண்டேன்? பேரைத்தான் நீ சொல்லவே இல்லையே!"

அப்போதுதான் ஹேகருக்கு உறைத்தது. கங்காணிக்கு ஒளித்ததைக் குருவிக்கும் அல்லவா ஒளித்துவிட்டாள்! சொல்லிவிட வாயைத் திறந்தாள். எதிரே கங்காணி சவுக்கோடு நின்றான். "கோமிங் கோமிங் கோ" என்றுதான் வந்தது. அவன் கல்லை எடுத்து வீசினான். குருவி பறந்துவிட்டது.

அந்தப் பேர் இதுவோ, அதுவோ என்று கேட்ட சத்தத்தையெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து, குருவி தன் பேச்சையே மறந்துபோயிற்று. மிங்கோ வரவில்லை. நிமிர்ந்து பார்த்தவர்களில் அவனும் இருந்தானா என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

அன்று முதல்தான் சாம்பல் குருவி ஊரார் குரலையெல்லாம் பாடித் திரிகிறது. அந்தத் தேசத்துப் பழம்பாட்டுகளில் அர்த்தமில்லாத ஓர் அடியும் வருகிறது. அர்த்தமில்லையாம்! அது ஒருத்தி வாய்விட்டுக் கூப்பிட முடியாமல் போன பேர்.