இந்த மாதம் யார் முறை

திருச்சி பாலக்கரையில், ஒரு மாடி வீட்டின் பின்பக்கம் ஜெசிந்தா என்ற பெண் தன் மகள் பெனிட்டாவோடு வாடகைக்குக் குடியிருந்தாள். ஜவுளிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவில் அவளுக்கு வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பெனிட்டா ஐந்தாம் வகுப்பு. வீட்டில் வேறு ஆள் இல்லை. ஜெசிந்தாவின் கணவர் எங்கே போனார் என்று அந்த வீட்டுப் பொருள்கள் பேசிக்கொள்வதில்லை. அவருடைய சட்டை தொங்கிய ஆணி மட்டும் எப்போதாவது சொல்ல வாயெடுக்கும். மற்றவை அதை அடக்கிவிடும்.

வீடு பூட்டியிருக்கும் பகல் வேளையில் அந்தப் பொருள்கள் நன்றாகவே பேசும். பேசிப் பேசித்தான் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடும் செய்துகொண்டிருந்தன. ஒரு மாதத்தில் ஒன்றுதான் பழுதாகலாம்.

அதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு மழைக்காலத்தில் மின்விசிறி நின்றது, குக்கரின் கைப்பிடி உடைந்தது, ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் ஒழுகியது, எல்லாம் ஒரே வாரத்தில். ஜெசிந்தா அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தாள். பெனிட்டாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, காதில் இருந்த தோட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் வேப்பங்குச்சியைக் காதில் செருகிக்கொண்டு திரும்பி வந்ததைப் பார்த்ததும் பொருள்களுக்குப் பெரிய அவமானமாகிவிட்டது.

அன்றிலிருந்து ஃபிரிட்ஜ்தான் பஞ்சாயத்துத் தலைவர். அது ஒரு தலைமையாசிரியர் வீட்டில் இருந்துவிட்டு இரண்டாம் கையாக வந்தது. அதனால் அதற்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. யார் முறை எப்போது என்று அதுதான் சொல்லும். கேஸ் சிலிண்டர் மட்டும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை. தான் பழுதாவதில்லை என்றும், தீர்ந்துபோவதாகவும், அது வேறு இது வேறு என்றும் அது வாதாடியது. எத்தனையோ வீடு பார்த்த சிலிண்டரோடு யாரால் பேசி ஜெயிக்க முடியும்?

அந்த வருடம் மே மாதம் மிக்ஸியின் முறை. மிக்ஸி ஜெசிந்தாவுக்குச் சீராக வந்தவள். வாய் அதிகம். மோட்டார் காயில் கருகத் தொடங்கி நாளாகியிருந்தது. தேங்காய்ச் சில்லு விழுந்தாலே புகை வாசனை வரும். ஆனால் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது என்பதால் மே, ஜூன் இரண்டிலும் யாரும் பழுதாகக்கூடாது என்று ஃபிரிட்ஜ் உத்தரவு போட்டுவிட்டது.

மிக்ஸி மனம் நொந்துபோனாள். செத்துப்போவதற்குக்கூட வரிசையில் நிற்க வேண்டிய வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தேனே என்று புலம்பினாள். மின்விசிறிப் பெரியவர் கரக் கரக்கென்று சுற்றியபடி, தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுவதாகச் சொல்லித் தேற்றினார்.

அப்படியும் ஜூனில் ஒரு செலவு வந்தது. பெனிட்டாவின் பள்ளி ஷூ போதாமல் போயிற்று. பொருள்கள் எல்லாம் ஷூவைப் பிடித்துக்கொண்டன. தையல் ஒன்றுகூட விடவில்லையே என்று ஷூ தன்னைத் திருப்பித் திருப்பிக் காட்டியது. "நான் பழுதாகலை. பிள்ளை கால் வளந்துடுச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?" என்றது.

பிள்ளை வளர்வதற்கு எந்தக் கட்டுப்பாடும் போட முடியாது என்று ஃபிரிட்ஜ் தீர்ப்புச் சொன்னது. அதில் எல்லோருக்கும் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஜூலை பிறந்தது. மிக்ஸி மகிழ்ச்சியோடு தயாரானாள். அவள் போடுகிற சத்தத்தைக் கேட்டு ஜெசிந்தாவும் ரிப்பேருக்கென்று சம்பளக் கவரிலிருந்து கொஞ்சம் பணத்தைத் தனியே எடுத்து வைத்தாள். மறுநாள் பகலில் ஃபிரிட்ஜ் மிக்ஸியின் பெயரைச் சொல்லப்போகும் நேரத்தில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது. கிராம்பு டப்பா. அதுவரை அது பஞ்சாயத்தில் வாய் திறந்ததே இல்லை.

இந்த வீட்டில் பிரியாணி செய்து பல மாதம் ஆகிறது என்று டப்பா சொன்னது. பக்கத்து டப்பாவில் பட்டை அப்படியே இருக்கிறது, ஏலக்காய் அப்படியே இருக்கிறது, தான் மட்டும் காலியாகிக்கொண்டே வருவதாகச் சொன்னது. யார் எடுக்கிறார்கள் என்று குக்கர் கேட்டது.

"அந்தம்மாதான். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வலது பக்கக் கடைவாய்ப் பல்லுல வச்சுக் கண்ணை மூடிக்குறாங்க. அப்புறம் புடவை விக்கப் போயிடுறாங்க."

அப்போதுதான் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்று நினைவுக்கு வந்தது. ஜெசிந்தா குளிர்ந்த தண்ணீர் குடிப்பதை எப்போதோ விட்டுவிட்டாள் என்றது ஃபிரிட்ஜ். அவள் சோற்றைக் குழைய வைப்பது தன் குற்றம் என்று நினைத்திருந்ததாகச் சொன்னது குக்கர். இடது பக்கமாகவே மெல்லுகிறாள் என்றது சாப்பாட்டுத் தட்டு.

அவளுடைய முறை எப்போது என்று ஆணி கேட்டது. ஆணியை இந்தத் தடவை யாரும் அடக்கவில்லை.

மனிதர்களுக்கு முறை வைக்கும் வழக்கம் இல்லையே என்று மின்விசிறிப் பெரியவர் இழுத்தார். எல்லோரும் மிக்ஸியைப் பார்த்தார்கள். மிக்ஸி முதலில் பார்க்காத மாதிரி இருந்தாள். பிறகு, தன்னைத்தான் பார்ப்பார்கள் என்று தெரியும் என்றும், பிறந்த வீட்டிலிருந்து கூட வந்தவளுக்குத்தான் எல்லாச் சுமையும் என்றும் நீளமாகப் பேசினாள். பேசி முடித்து, "சரி, என் முறையைக் குடுத்தேன். ஆனா தேங்காயைக் கொஞ்சம் சின்னதா நறுக்கிப் போடச் சொல்லுங்க" என்றாள். யார் போய்ச் சொல்வது என்று அவளும் யோசிக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து மிக்ஸி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். சத்தம் இல்லை, புகை இல்லை. ஜெசிந்தா ஆச்சரியப்பட்டாள். தானாகவே சரியாகிவிட்டது போல என்று மகளிடம் சொல்லிவிட்டு, எடுத்து வைத்த பணத்தில் பெனிட்டாவின் சுதந்திர தின நடனத்துக்குப் பாவாடை தைத்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

பொருள்களுக்குத் தலையில் கை வைக்காத குறை. அந்த வீட்டில் மிஞ்சுகிற பணம் எல்லாம் பள்ளத்தைப் பார்த்து ஓடும் தண்ணீர் மாதிரி பெனிட்டாவிடம் போய்ச் சேர்ந்துவிடும். யாருக்காக என் சாவைத் தள்ளிப்போட்டேன் என்று மிக்ஸி கேட்டாள்.

குக்கர்தான் ஒரு வழி கண்டுபிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜெசிந்தா அரிசி வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போயிருந்தாள். அடுப்படியில் பெனிட்டா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குக்கர் தன் ஆயுளில் அடிக்காத ஒரு விசில் அடித்தது. அலமாரி அதிர்ந்தது. கிராம்பு டப்பா கண்ணை மூடிக்கொண்டு மேல்தட்டிலிருந்து குதித்தது. மூடி ஒரு பக்கம் ஓடியது. இருந்த நாலைந்து கிராம்பும் பெனிட்டாவின் காலடியில் சிதறின.

பெனிட்டா அவற்றைப் பொறுக்கினாள். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். அம்மா வந்ததும், பிரியாணியே செய்யாமல் கிராம்பு எப்படிக் காலியாயிற்று என்று கேட்டாள்.

"எறும்பு தின்னிருக்கும்" என்றாள் ஜெசிந்தா.

"எறும்பு வரக்கூடாதுன்னுதானேம்மா சர்க்கரை டப்பால கிராம்பு போடுறே?"

ஜெசிந்தா அடுப்பைத் தணிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். பெனிட்டா சுற்றி வந்து எதிரே நின்று வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். கடையில் வாடிக்கையாளர்களோடு பேசுவதால் வாசனைக்காக ஒன்று போட்டுக்கொள்வதாக ஜெசிந்தா சொன்னாள். மகள் அசையவில்லை. கடைசியில் லேசாக வலிக்கிறது என்றும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஒப்புக்கொண்டாள்.

அடுத்த மாதம் என்ற சொல்லை அந்த வீட்டுச் சுவர்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றன.

பெனிட்டா கையில் இருந்த கிராம்பைப் பார்த்தபடியே, "மிக்ஸி கொஞ்சம் இருமினாக்கூடக் கவரைத் திறந்து பணம் எடுத்து வைக்குறே. நீ மட்டும் என்னம்மா?" என்றாள்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலி சுரீரென்று காதுவரை ஏறியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பெனிட்டாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாவாடை வேண்டாம், தனக்கு ஆடவும் வரவில்லை, மிஸ் பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்கள், பாட்டுக் குழுவில் சேர்ந்தால் யூனிபார்ம் போதும் என்றாள். நெஜமாவா பாப்பா என்று ஜெசிந்தா கேட்டாள். பாதி நெஜம் என்றாள் பெனிட்டா.

மறுநாள் ஜெசிந்தா கடையில் லீவு சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் போனாள். பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்ததால் அவளால் பேச முடியவில்லை. அன்று வீட்டில் யாரும் யாரையும் விரட்டவில்லை, குளி என்று சொல்லவில்லை, வீட்டுப்பாடம் கேட்கவில்லை. பள்ளிக்கு லீவு போட்டிருந்த பெனிட்டா கஞ்சி வைத்தாள். அடிப்பிடித்த கஞ்சி. பல மாதமாக ஐஸ் பிடிக்காத ஃபிரிட்ஜ் முக்கி முனகி ஒரு சின்னக் கட்டி ஐஸ் தயாரித்துக் கொடுத்தது. ஜெசிந்தா அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பாயில் படுத்தாள்.

நல்ல வெயில் நேரத்தில் அவள் படுத்திருப்பதைப் பொருள்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தன. பெரியவர் கரக் கரக்கை விழுங்கிக்கொண்டு சுற்றினார். குழாய்கூடச் சொட்டுவதை நிறுத்திக்கொண்டது. சிலிண்டர் மட்டும் அன்று மாலை தீர்ந்துபோயிற்று. சிலிண்டரைத் திருத்த முடியாது.

ஆகஸ்டு பிறந்ததும் மிக்ஸி யாரிடமும் கேட்கவில்லை. தேங்காய்ச் சட்னி பாதியில் நீலப் புகையோடு, திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெசிந்தா அவளைத் துடைத்துத் துணிப்பையில் போட்டு, பெனிட்டாவோடு மெக்கானிக் கடைக்கு எடுத்துப் போனாள்.

மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இருந்த கரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது மே மாசமே போயிருக்கணும்மா. இவ்ளோ நாள் எப்படி ஓடுச்சுன்னே தெரியல."

"எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தாண்ணே" என்றாள் ஜெசிந்தா.