அரபிக்குக் கொட்டிய மணல்

அசட்டாம்பட்டியில் அறிவுக்குக் குறைச்சலில்லை என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லிக்கொள்வார்கள். குறைச்சல் தண்ணீருக்குத்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வறண்ட நாக்கோடு பாடம் ஒப்பிப்பதைப் பார்க்கப் பார்க்கச் சிங்காரம் வாத்தியாருக்கு வயிறு எரியும். கிணறு தோண்டித் தர ஹைதம் என்ற அரபு இன்ஜினீயர் வருகிறார் என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"அவர் மனசு கோணக்கூடாது. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா கிணறு போச்சு" என்றார் ஊராரிடம்.

அரபிகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் மூன்றாம் வகுப்புப் படப்புத்தகத்தில் ஒரே பக்கம். மணல், ஒட்டகம், கூடாரம், பறக்கும் கம்பளம். அதன்படியே ஏற்பாடு நடந்தது. விருந்தாளி அறையில் கட்டில் மறைய மணல் கொட்டினார்கள். ஒட்டகத்துக்குப் பதிலாகக் கழுதை முதுகில் திமில் போலத் தலையணையைக் கட்டினார்கள். கம்பளம் இறங்க வழிகாட்டுவதற்காகப் பேச்சிமுத்து சிவப்புத் துண்டோடு பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் ஏறி நின்றான்.

ஹைதம் பேன்ட் சட்டையில், கையில் குடையோடு, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"கூடாரம் எங்க?" என்றாள் கூட்டத்தில் நின்ற ஒச்சம்மா.

"கையில மடிச்சு வச்சிருக்காரே, தெரியல?" என்றார் வாத்தியார்.

"அப்ப கம்பளம்?"

"பின்னால வரும். சாமானெல்லாம் தனியாத்தான் வரும்."

மஸ்கட்டில் தமிழ் ஆட்களோடு வேலை பார்த்த ஹைதமுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. அறையைப் பார்த்தவர், "கட்டில்ல ஏன் மணல்?" என்று கேட்டார்.

"உங்க ஊர் மாதிரி இருக்கட்டும்னுதான்."

"எங்க ஊர் சலாலா. மழை பெஞ்சா மலையெல்லாம் பச்சை. வீட்டு வாசல்ல தென்னைமரம்."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து, "பாவம், ஊர் ஏக்கத்தை எப்படி மறைக்கிறார் பாருங்க" என்றார். எல்லோரும் கொஞ்சநேரம் அழுதார்கள்.

ஹைதம் இரவில் வராந்தாவில் படுத்துக்கொண்டு, பகலில் ஆள்களைச் சேர்த்து வேலையை முடித்தார். ஒருநாள் காலையில் கிணற்றில் தண்ணீர் பீறிட்டது. பிள்ளைகள் குதித்தார்கள். வாத்தியார் விசும்பினார்.

"இந்தத் தண்ணியப் பார்த்ததும் எனக்கு எங்க ஊர் ஞாபகம் வந்திருச்சு" என்று சொல்லிவிட்டு ஹைதம் சாப்பிடப் போனார்.

ஊரே கலங்கிப் போயிற்று.

"நமக்குக் கிணறு குடுத்த மனுஷன். அவரை ஏங்க விடலாமா?" என்றார் வாத்தியார்.

விடவில்லை. அறையிலிருந்த மணல் போதாமல் வறண்ட ஆற்றிலிருந்தும் வண்டி வண்டியாக அள்ளி வந்தார்கள். ஹைதம் ஏப்பம் விட்டபடி திரும்பியபோது கிணறு இருந்த இடம் தரையோடு தரையாகக் கிடந்தது. அவருக்குப் பேச்சே வரவில்லை.

"பாருங்க, சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சு" என்று வாத்தியார் பூரித்தார்.

இன்னும் மாடியைவிட்டு இறங்காத பேச்சிமுத்து துண்டை வீசிக் கத்தினான்.

"வாத்தியாரே, இடம் சமமாயிருச்சு! கம்பளத்தை இறங்கச் சொல்லுங்க!"